டாங்கைத் திறந்து பார்க்காதவர்கள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது வந்து உரிமை கேட்டால் சங்கடம். எண்பத்தாறாம் வருஷம், சித்திரை வெயில். தொப்பூர் கணவாய் ஏறுவதற்கு முன்னால் இருக்கிற ஒரு சாப்பாட்டுக் கடையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய ஊன்றுகோல் என் முழங்கைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. அதன் அடியில் மாட்டியிருந்த ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோயிருந்தது. அவர் சொன்னதில் ஒரே ஒரு பேச்சுதான் என் காதில் முழுசாக விழுந்தது.

“டாங்கைத் தெறந்து பாக்கறது மரியாதை இல்லீங்க. அதனாலதான் அவன் பாக்கல.”

மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். பெஞ்ச் காலியாக இருந்தது. கடைக்காரரிடம் விசாரித்தேன். ஊன்றுகோலோடு யாரும் வரவில்லையே என்றார். லாரிக்காரர்கள் கூட்டம், அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பேச்சுக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் என் கைச்சரக்கு. வியாகுலம், தீர்த்தகிரி, காவேரி, கஸ்பார் எல்லாமே நான் வைத்த பெயர்கள். அப்படி யாரும் கிடையாது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அடிக்கடி மறந்துபோகிறது.

2

ஆரம்பங்கள்:

“வியாகுலத்துக்கு இளம்பிள்ளை வாதம் வந்தபோது அவருடைய அம்மா—”

வேண்டாம். முதல் வரியிலேயே காலைக் கொண்டுவந்து நிறுத்தினால் கடைசி வரை கால்தான் கதை நடத்தும். மனிதர் பின்னால் உட்கார்ந்து வர வேண்டியதுதான்.

“ஏரியூர் ரோட்டில் காலை நேரத்தில் ஒரு ராஜ்தூத் வண்டியின் சத்தம்—”

வானொலி நாடகம் மாதிரி இருக்கிறது. அடித்தேன்.

“வியாகுலம் யாருக்கும் கடன்பட விரும்பாதவர்.”

இது பரவாயில்லை. மொட்டையாக இருக்கிறது, ஆனால் உண்மை. இதிலிருந்து போகிறேன்.

3

வியாகுலம் யாருக்கும் கடன்பட விரும்பாதவர். பென்னாகரத்தில் குடியிருந்தார். ஏரியூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. இடது காலில் இடுப்பிலிருந்து பாதம் வரை காலிப்பர் போட்டிருப்பார், இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த சட்டம். அது இருந்தால் நிற்கலாம், ஊன்றுகோல் பிடித்து நடக்கலாம். வண்டி ஓட்ட முடியாது. பஸ்ஸில் படி உயரம். இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். தூக்குகிறவர்கள் சும்மா தூக்க மாட்டார்கள், ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிக்கொண்டே தூக்குவார்கள். அதைக் கேட்பதற்கு நடந்தே போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றும்.

அதே சங்கத்தில் காசாளர் தீர்த்தகிரி. அவரும் பென்னாகரம்தான், ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். தினமும் வியாகுலத்தைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கூட்டிப்போவது கஸ்பார். பள்ளிக்கூட வாத்தியார், டி.வி.எஸ். 50 வைத்திருந்தார்.

முதல் மாதச் சம்பளம் வந்ததும் வியாகுலம் பெட்ரோலுக்கு என்று ரூபாய் நோட்டை நீட்டினார். தீர்த்தகிரி வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டார்.

“நான் என்ன வாடகை வண்டியா ஓட்டறன்? இன்னொரு தடவ காச நீட்டுன, இங்கியே எறக்கி உட்டுட்டுப் போயிடுவன் பாத்துக்க.”

வீடு வரும் வரை வியாகுலம் யோசித்தார். காசு வாங்கினால் அவன் டிரைவர் ஆகிவிடுகிறான். வாங்காவிட்டால் நான் பிச்சைக்காரன் ஆகிவிடுகிறேன். இரண்டு பேரும் சிநேகிதர்களாகவே இருக்க என்ன வழி?

ஏரியூரில் பெட்ரோல் பங்க் கிடையாது. சைக்கிள் கடையில் பழைய பாட்டில்களில் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றித் துணி அடைத்து வைத்து விற்பார்கள். ஒரு சாயங்காலம் தீர்த்தகிரி டீக்கடைக்குள் போயிருந்தபோது வியாகுலம் ஒரு பாட்டில் வாங்கி, ஊன்றுகோலை வண்டியில் சாய்த்துவிட்டு, டாங்க் மூடியைத் திறந்து தன் கையாலேயே ஊற்றினார். தீர்த்தகிரி கடைக்குள்ளிருந்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தீர்த்தகிரி “டீ குடிச்சிட்டு வர்றன்” என்று சொல்லிவிட்டுப் போவார். வியாகுலம் டீக்குப் போக மாட்டார். திரும்பி வந்ததும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். எவ்வளவு ஊற்றினான், ஊற்றினானா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்ப்பது சிநேகிதன் கொடுத்த காசை அவன் எதிரிலேயே எண்ணிப் பார்க்கிற மாதிரி. தீர்த்தகிரி ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஊற்றுவதில் வியாகுலத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. எப்படியும் அந்தப் பக்கம் போகிறவன் ஏற்றிக்கொண்டால் பாதிச் செலவு. தனக்காகவே புறப்பட்டு வந்தால் முழுச் செலவு. தன்னை இறக்கிவிட்டு அவன் தனியாகத் திரும்பிப் போனால், அந்த வெறும் வண்டிக்கும் தானே பொறுப்பு. கஸ்பார் இதைக் கேட்டுச் சிரித்தார். திரும்பிப் போறப்ப நீதான் வண்டியில இல்லியே என்றார்.

“நான் இல்லாததாலதான் அது முழுசா என் கணக்கு. கூட இருந்தா பாதி. வண்டி வூடு போய்ச் சேர்ற வரைக்கும் என் பொறுப்புப்பா.”

(இந்த வரியை எழுதியபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. யாரோ சொல்ல நான் எழுதிக்கொள்வது போல. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தேன்.)

* இந்த இடத்தில் வியாகுலம் எல்லாவற்றையும் எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் வந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும். கதையின் முடிவில் யாராவது அதைப் பரண்மேல் கண்டெடுக்கலாம். கொடுத்துப் பார்த்தேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எழுதி வைத்தால் அது வியாபாரமாகிவிடுமாம்.

4

ஒரு குறுக்குப் பேச்சு. என் ஸ்கூட்டரைப் பற்றியது.

தர்மபுரியில் என் வீட்டு வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே அது நிற்கும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் எல்லாம் அதில் கிடையாது. துடைப்பத்தில் ஓர் ஈர்க்குச்சி உருவி உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கதையை எழுத உட்கார்ந்த அன்று குச்சியின் நுனிதான் நனைந்தது. அப்புறம் நான் எங்கேயும் போகவில்லை. மூன்றாம் பகுதியை முடித்துவிட்டுத் தபால் போடப் போகலாமென்று குச்சியை விட்டேன். கால்வாசிக்கு நனைந்து வந்தது.

என் மனைவியைக் கேட்டேன். அரிசிக்கே நான்தான் அலைகிறேன், உங்கள் வண்டிக்கு வேறு ஊற்றுவேனா என்றாள். நியாயமான பதில். முதலில் பார்த்தபோது குச்சியைச் சரியாக விட்டிருக்க மாட்டேன்.

5

சேலத்துக்குப் போன நாளை எழுத வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

காலிப்பரின் முழங்கால் கீல் உடைந்துவிட்டது. கம்பியால் கட்டிக்கொண்டு சமாளித்தார் வியாகுலம். சேலத்தில்தான் அதைச் சரிசெய்கிற பட்டறை. தீர்த்தகிரி லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தனக்காகவே வருகிறான், திரும்பித் தனியாகப் போகப்போகிறான். ஆகவே போகும் செலவும் வரும் செலவும் முழுக்க வியாகுலத்துடையது. பையில் ஏரியூர் பாட்டிலைத் துணி அடைத்து எடுத்து வைத்திருந்தார்.

ஓமலூருக்குப் பக்கத்தில் வண்டி இருமியது. தீர்த்தகிரியின் கை கீழே போய் ரிசர்வ் குழாயைத் திருப்பியது. பின்னால் உட்கார்ந்திருந்த வியாகுலம் அதைப் பார்த்தார். ரிசர்வில் சேலம் வரை வரும். அதற்கு மேல் சொல்ல முடியாது.

பட்டறையில் அவரை பெஞ்சில் உட்கார வைத்துக் காலிப்பரைக் கழற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரிசெய்ய இரண்டு நாள் ஆகும், அதுவரை சேலத்திலேயே தன் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. தீர்த்தகிரி வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினார்.

“டீ குடிச்சிட்டு வர்றன்” என்றார்.

வண்டி எதிரே நான்கடி தூரத்தில் நின்றது. பாட்டில் பையில் இருந்தது. காலிப்பர் இல்லாமல் வியாகுலத்தால் எழுந்து நிற்க முடியாது. பட்டறை ஆளிடம் கொடுத்து ஊற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவருடைய கையால் செய்கிற காரியம். இன்னொருவன் கையில் கொடுத்தால் கூலிக்கு ஊற்றின மாதிரி ஆகிவிடும். தீர்த்தகிரி வந்ததும் ‘இன்னைக்கு ஊத்தலப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையை அவர்கள் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பேசியதில்லை. வழியில் எத்தனையோ பங்க் இருக்கிறது, அடுத்த வாரம் சேர்த்து ஊற்றிக்கொள்ளலாம் என்று வியாகுலம் நினைத்துவிட்டார்.

தீர்த்தகிரி டீ குடித்துவிட்டு வந்தார். நேராக வண்டியில் ஏறி உதைத்தார். டாங்கைப் பார்க்கவில்லை. ஊற்றியிருப்பான் என்று அவருக்குத் தெரியும். பார்ப்பது மரியாதை இல்லை. “ஒடம்பப் பாத்துக்க, புதன்கெழம வர்றன்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பங்க் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயிருப்பார்.

தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், உச்சி வெயிலில், வண்டி நின்றது. இறங்கித் தள்ளினார். வளைவில் பின்னால் வந்த ஒரு லாரி—

இதற்கு மேல் இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசில்லை. முடிந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

6

ஒரு சந்தேகம். இந்த வியாகுலத்தை நான் நம்புகிறேனா? சிநேகிதன் உயிரைவிடச் சிநேகிதத்தின் நாகரிகம் பெரிதென்று ஒருவன் பேசாமல் உட்கார்ந்திருப்பானா? அவரை மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் மறதிக்காரராக ஆக்கினேன், பாட்டில் இருப்பதே ஞாபகமில்லை என்று எழுதினேன். பாவம் குறைந்தது, ஆளும் குறைந்துபோனார். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

நாமும் அப்படித்தான் இருக்கிறோம் என்று தோன்றுகிறது. கல்யாண வீட்டில் பசியோடு உட்கார்ந்து போதும் போதும் என்கிறோம். வாங்க வேண்டிய கைமாற்றைக் கேட்காமல் தெருவை மாற்றி நடக்கிறோம். நம்மில் யாரும் அதனால் சாகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கும் குச்சியை விட்டுப் பார்த்தேன், சும்மா பார்ப்போமே என்று. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு வட்டத் தடம். ஒரு பக்கம் அழுத்தமாக, மறுபக்கம் லேசாக. தேய்ந்த ரப்பர் பதிந்தால் அப்படித்தான் இருக்கும். வேப்பம்பழம் விழுந்துகூட அப்படி ஆகலாம்.

எனக்குப் பயமாக இருந்தது. பகல் பதினொரு மணி, தெருவில் பாத்திரக்காரன் கூவிக்கொண்டு போகிறான், எனக்குப் பயமாக இருந்தது.

7

புதுக் கீல் போட்ட காலிப்பரோடு வியாகுலம் பென்னாகரம் திரும்பினார். பஸ்ஸில்தான். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

தீர்த்தகிரிக்காக ஒரு பூசை வைக்கலாமா என்று யோசித்தார். தீர்த்தகிரி வருஷம் தவறாமல் தீர்த்தமலைச் சிவன் கோயிலுக்குப் போகிற ஆள், ஆனாலும் வேண்டாமென்று சொல்ல மாட்டார். பூசை வைக்கலாம். ஆனால் அது ஆத்துமாவுக்கு. பெட்ரோலுக்கு அது ஈடாகாது. வெறும் வண்டி திரும்பிப் போன செலவு அப்படியே நிற்கிறது. தீர்த்தகிரியின் மனைவி காவேரியிடம் பணமாகக் கொடுப்பதை நினைத்தாலே கூசியது. எதற்கு என்று கேட்பாள். சேலத்தில் நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ராஜ்தூத்தைக் கொண்டுவந்து காவேரி வீட்டை ஒட்டிப் போட்ட தகரச் சார்ப்பில் நிறுத்தியிருந்தார்கள். கைப்பிடி வளைந்து, விளக்கு உடைந்து, மற்றபடி வண்டியாகத்தான் இருந்தது. ஒருநாள் மத்தியானம் வியாகுலம் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். காவேரி அவரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், டீ வைக்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். வியாகுலம் மூடியைத் திறந்தார். டாங்க் காய்ந்து கிடந்தது. பாட்டில் முழுவதையும் ஊற்றி மூடினார். கணக்கு முடிந்தது என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. முடிந்ததற்காக இல்லை, இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்தை அன்றைக்குச் செய்யவில்லையே என்று.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனவர் சும்மா மூடியைத் திறந்து பார்த்தார். சாவுக்குப் பிறகு மரியாதை கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. டாங்க் காய்ந்து கிடந்தது.

தரையில் ஈரமில்லை. பெட்ரோல் வாசனை இல்லை. இரண்டு டயரிலும் காற்றில்லை. சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. வண்டி இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. ஆனால் ஓடியிருக்கிறது.

மறுபடியும் ஒரு பாட்டில் வாங்கி வந்து ஊற்றினார். மறுபடியும் காய்ந்தது.

8

கஸ்பார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, டி.வி.எஸ். 50 ஓட்டிக்கொண்டே, பின்னால் திரும்பாமல் சொன்னார். பள்ளிக்கூட வேலையாகச் சேலம் போய் வந்தாராம். தொப்பூர்க் கடையில் லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். கணவாய் ஏற்றத்தில் உச்சி வெயிலில் ஒருத்தன் ராஜ்தூத்தைத் தள்ளிக்கொண்டு போகிறான். ஆரன் அடித்தால் ஒதுங்குகிறான், நிறுத்திக் கேட்டால் ஆளில்லை. இது பழைய கதை. இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள்.

“இப்ப தள்ளல வியாகுலம். ஏறி ஓட்டிட்டுப் போறானாம். ஏற்றம் முடிஞ்சு பாளையம்புதூர் தாண்டிப் பாத்திருக்காங்க. நீ ஏதாவது செய்யறியா?”

வியாகுலம் பயந்தார். அதைவிட அதிகமாக, ஒரு நிம்மதி. பெட்ரோல் போய்ச் சேர்கிறது. அடுத்த பாட்டிலில் வண்டி இன்னும் கொஞ்சம் தூரம் போகும். பாளையம்புதூர் தாண்டினால் தர்மபுரி. தர்மபுரிக்கு அப்பால் இண்டூர். இண்டூருக்கு அப்பால் வீடு.

(தர்மபுரி என்று எழுதியபோது தெருவில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. ராஜ்தூத் சத்தம் உங்களுக்குத் தெரியுமல்லவா, தகரத்தில் உலக்கை போட்ட மாதிரி. மத்தியானம், தெருவில் ஆளில்லை. சத்தம் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து வந்து, என் ஜன்னலுக்கு நேரே கொஞ்சம் மெதுவாகி, பென்னாகரம் ரோட்டுப் பக்கம் போனது. எழுந்து பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. கையெழுத்து இந்த இடத்தில் கொஞ்சம் கோணியிருக்கும், அச்சில் உங்களுக்குத் தெரியாது.)

அப்புறம் குச்சியை விட்டுப் பார்த்தேன். சரியாகப் பாதி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு தூரம் அவரை ஏற்றிக்கொண்டு வருகிறவன் நான்தானே. பென்னாகரத்திலிருந்து ஏரியூருக்கு, சேலத்துக்கு, காவேரி வீட்டுச் சார்ப்புக்கு எல்லாம் என் வாக்கியங்களில்தான் வருகிறார். இலவசமாக வருவாரா? ஆனால் பாதிதான் ஊற்றியிருக்கிறார். நான் எப்படியும் ஏதோ ஒரு கதை எழுதப் போகிறவன்தான், போகிற வழியில் ஏற்றிக்கொண்டேன் என்பது அவருடைய தீர்ப்பு. ஓர் எழுத்தாளனை இதைவிடச் சரியாக யாரும் எடை போட்டதில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

9

கடைசிப் பாட்டிலோடு வியாகுலம் காவேரி வீட்டுக்கு வருகிறார். வண்டி இண்டூரில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், யாரும் சொல்லாமலே தெரியும். இதை ஊற்றினால் வீடு வந்து சேர்ந்துவிடும். உச்சி வெயில். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் காய வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காவேரி வாசலில் நிற்கிறாள். இந்த முறை டீ வைக்கிறேன் என்று உள்ளே போகவில்லை.

வியாகுலம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். பாட்டிலைக் கையில் எடுத்தார். அவளிடம் சொல்லாமல் இதை ஊற்றக் கூடாது என்று தோன்றியது.

“காவேரி, சேலத்துல அன்னிக்கு நான் ஊத்தலம்மா. பாட்டிலு பையிலியே இருந்தது. அவன் கிட்ட ஒரு வார்த்தகூடச் சொல்லல.”

“தெரியுங்கண்ணா” என்றாள் காவேரி. “வண்டியக் கொண்டாந்த அன்னிக்கே டாங்கத் தெறந்து பாத்துட்டன். நான் உங்க மரியாதையெல்லாம் பாக்கல.”

அவள் குரலில் கோபமில்லை. இத்தனை நாள் அவர் வந்தபோதெல்லாம் தெரிந்துகொண்டேதான் டீ வைத்துக் கொடுத்திருக்கிறாள். வியாகுலம் வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். சீட் சூடாக இருந்தது. சார்ப்பு நிழலில் நிற்கிற வண்டி.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறன்” என்றாள். “இத ஊத்தினா அவரு வந்துருவாரு. எப்படி வருவாரு? போன மாதிரி வருவாரா, கொண்டாந்து போட்ட மாதிரி வருவாரா?”

“தெரியலம்மா. ஆனா நடு ரோட்டுல நிக்கறான். அவன அங்க நிறுத்தினது நான்.”

காவேரி அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அடுப்பின் பக்கத்தில் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்த தட்டிலிருந்து அவள் எடுத்து வைப்பது வாசலிலிருந்து தெரிந்தது. ஒன்று. இரண்டு. கொஞ்சம் நின்றாள். மூன்றாவதாக ஒன்று எடுத்து வைத்தாள்.

10

முடிவுகள்:

அ) வியாகுலம் ஊற்றினார். இண்டூர் ரோட்டில் சத்தம் கேட்டது. தெரு முனையில் திரும்பியது. காவேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவனுடைய—

இல்லை. என்னால் அவனுடைய முகத்தை எழுத முடியாது. நான் எதை எழுதினாலும் காவேரி அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

ஆ) ஊற்றவில்லை. பாட்டிலை மண்ணில் கவிழ்த்துவிட்டார். தீர்த்தகிரி இண்டூரில் வண்டியை விட்டு இறங்கி, வெயிலில் தள்ளிக்கொண்டு—

இதுவும் இல்லை. ஒரு தடவை தள்ளியது போதும்.

இ) டாங்கின் அடியில் மயிரிழை விரிசல். ஊற்றுகிற பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெயிலில் காற்றோடு போய்விடுகிறது. லாரிக்காரர்கள் பேசுவது லாரிக்காரர்கள் பேச்சு. சீட் சூடானது தகரக் கூரையால். வியாகுலம் விரிசலைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறார், அழுகிறார், காவேரி டீ கொண்டுவருகிறாள், மூன்றாவது டம்ளர் அப்போதுதான் வந்து சேர்ந்த கஸ்பாருக்கு.

இது எனக்குப் பிடித்திருந்தது. பத்திரமான முடிவு, பத்திரிகைக்காரர்களும் போட்டுவிடுவார்கள். சுத்தமாகப் பிரதி எடுத்து உறையில் போட்டு ஒட்டினேன். தபாலில் சேர்க்கப் போகலாமென்று ஸ்கூட்டரை உதைத்தேன். கிளம்பவில்லை. குச்சியை விட்டேன். நுனிகூட நனையவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தேன், பெட்ரோல் இருந்த வாசனையே இல்லை. வேப்பமரத்தடியில் அந்த வட்டத் தடம் இந்த முறை தெருவை நோக்கிப் போயிருந்தது.

போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் நடுவழியில் இறக்கிவிட்டால் யார் செலவு கொடுப்பார்கள்? நியாயம்தான். உறையைக் கிழித்தேன். மூன்றாவது முடிவை அடித்தேன். சாயங்காலம் பார்த்தபோது பாதி திரும்ப வந்திருந்தது.

11

அதனால் நான் இத்தோடு நின்றுகொள்கிறேன். பயத்தால் மட்டும் இல்லை, வழக்கமும் அதுதான். ஏற்றிக்கொண்டு வந்தவன், கணக்குத் தீர்க்கிற நேரத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது. நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.

ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள். ஒரு விஷயத்தை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். முதல் பகுதியிலிருந்து நான் மட்டும் அவரை ஏற்றிக்கொண்டு வரவில்லை. நான் எழுதி நிறுத்திய இடத்திலெல்லாம் நீங்கள்தான் படித்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனீர்கள். உங்கள் சேதி வேறு. நீங்கள் எப்படியும் அந்தப் பக்கம் போகிறவர் இல்லை. உங்களுக்கு ஆயிரம் வேலை இருந்தது, அவருக்காகவே வந்தீர்கள். உங்களுக்கு முழுச் செலவு. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நீங்கள் தனியாகத் திரும்பிப் போகப்போகிற வழியும் அவர் கணக்கில்தான் வரும்.

மூன்றாவது டம்ளர் யாருக்கு என்று எனக்குத் தெரியாது. காவேரி கேட்டது என் காதைவிட்டுப் போகவில்லை. போன மாதிரியா, கொண்டுவந்து போட்ட மாதிரியா. அதற்கு வியாகுலம் என்ன நினைக்கிறார், காவேரி எதற்குச் சம்மதித்தாள், எதுவும் நான் கேட்கவில்லை. ஊற்ற வேண்டுமா வேண்டாமா என்று சொல்லவும் நான் யார்? நீங்கள் அவர்கள் இருந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்களோ அதுதான் நடக்கும்.

டாங்க் மூடி திறந்திருக்கிறது. வியாகுலம் ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பாட்டிலோடு, பாட்டிலில் அடைத்த துணியைப் பல்லால் கடித்து இழுக்கிறார். ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை உங்களை நிமிர்ந்து பார்க்கிறார். அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், அது அவர்களிடம் பழக்கமில்லை.

கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.